ரிட்ஜிட் கே-400: காலை எடுத்தால் நிற்க வேண்டும்

அடைப்பெடுக்கும் மின் இயந்திரம் ஒன்றை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ போனால், மோட்டாரின் திறனையும் கம்பியின் நீளத்தையும் அப்புறம் விசாரியுங்கள். முதலில் கால் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். மிதித்தால் ஓட வேண்டும், காலை எடுத்தால் நிற்க வேண்டும். ரிட்ஜிட் நிறுவனத்தின் கே-400-இல் எனக்கு முதலில் பிடித்துப்போனது இதுதான். அதன் கால் மிதிக்குள் மின்சாரமே கிடையாது. மிதிக்கும்போது ஒரு குழாய் வழியாகக் காற்று போய் இயந்திரத்தில் இருக்கும் சுவிட்சைத் தட்டுகிறது. சாக்கடைத் தண்ணீர் தேங்கிய தரையில் நின்று வேலை பார்க்கிறவருக்கு இது பெரிய நிம்மதி.

இது டிரம் வகை இயந்திரம். ஸ்பிரிங் கம்பி முழுவதும் டிரம்முக்குள் சுருண்டு கிடக்கும்; டிரம் சுற்றும்போது கம்பியும் சுற்றும். ஒன்றரை அங்குலம் முதல் நான்கு அங்குலம் வரையுள்ள குழாய்களுக்கு உகந்தது. மெல்லிய 3/8 அங்குலக் கம்பி சமையலறை, குளியலறைக் குழாய்களுக்கு. 1/2 அங்குலக் கம்பி மூன்று, நான்கு அங்குலக் குழாய்களுக்கு. சக்கரம் இருப்பதால் மாடிப்படியில் இழுத்துக்கொண்டு ஏறிவிடலாம். தனியாளாக ஏற்றினால் மூச்சு வாங்கும் என்பது வேறு விஷயம்.

எங்கள் குடியிருப்பில் நான் இதை ஓட்டிப் பார்த்தது சமையலறைக் குழாயில். எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுக் கஞ்சியும் பாத்திரம் தேய்க்கும் நாரும் சேர்ந்து இறுகிய, நம் வீடுகளின் வழக்கமான அடைப்பு. பக்கத்தில் நின்ற பிளம்பர் சொன்னது ஒன்றுதான்: “கம்பியிலருந்து கையை எடுத்துராதீங்க சார். உள்ள என்ன நடக்குதுன்னு கைதான் சொல்லும்.”

அவர் சொன்னதில்தான் இந்த இயந்திரத்தின் மொத்த பாதுகாப்புப் பாடமும் இருக்கிறது. விபத்து மோட்டாரிலிருந்து வருவது அரிது. குழாய்க்குள் கம்பியின் முனை எதிலாவது மாட்டிக்கொள்கிறது, பின்னால் டிரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால், அந்தச் சுற்றெல்லாம் முறுக்காகக் கம்பியில் ஏறும். பிள்ளைகள் முறுக்கிவிட்ட ஊஞ்சல் கயிறு மாதிரி அது ஒரு கட்டத்தில் விடுபட்டே தீரும். இயந்திரத்துக்கும் குழாய் வாய்க்கும் இடையில் கம்பி தொய்வாகக் கிடந்தால், அங்கேதான் துள்ளி வளையம் போடும். வளையத்துக்குள் விரலோ மணிக்கட்டோ இருந்தால் எலும்பு தப்பாது. அதனால்தான் இயந்திரத்தைக் குழாய் வாயிலிருந்து மூன்றடிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். அரையடி, ஓரடியாகக் கம்பியை இழுத்து, தொய்வில்லாமல் உள்ளே தள்ள வேண்டும். சுற்றும் வேகம் குறைந்தாலோ கையில் முறுக்கு தெரிந்தாலோ அழுத்தக் கூடாது. காலை எடுத்துவிட்டுச் சற்றே பின்னுக்கு இழுத்து மறுபடி தொட வேண்டும். அடைப்பை ஒரே மூச்சில் குத்தி உடைக்கும் ஆசைதான் கம்பியை முறிக்கிறது.

கே-400-இல் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. கம்பியில் முறுக்கு அளவு மீறினால், மோட்டார் ஓடினாலும் டிரம் சுற்றாமல் நின்றுவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஏற்கெனவே ஏறிய முறுக்கு கம்பிக்குள் அப்படியேதான் இருக்கும். டிரம் நின்றதே, இனி பயமில்லை என்று மிதித்துக்கொண்டே இருப்பது தவறு. எதிர்த்திசைச் சுவிட்சும் மாட்டிக்கொண்ட முனையை விடுவிக்க மட்டுமே. அதிலேயே ஓட்டினால் கம்பி பிரிந்து கெட்டுவிடும்.

அடுத்தது கையுறை. நம் ஹார்டுவேர் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது ரப்பர் பூச்சு போட்ட பின்னல் கையுறை. இந்த வேலைக்கு அதுதான் ஆகவே ஆகாது. சுற்றும் கம்பியின் இடுக்கில் நூல் சிக்கினால் கையுறையோடு கையும் போகும். பழந்துணியைச் சுற்றிப் பிடிப்பதும் அப்படியே. தோல் கையுறை வேண்டும். அழுக்குத் தண்ணீர் தோலில் படாமலிருக்க உள்ளே மெல்லிய ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளலாம். லுங்கி, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. கண்ணாடி கட்டாயம், ஏனென்றால் கம்பியை வெளியே இழுக்கும்போது அழுக்குத் தண்ணீர் தெறிக்கும்.

ஒருவர் கம்பியைப் பிடிக்க, இன்னொருவர் சுவிட்சைப் பார்த்துக்கொள்வது நம் ஊரில் சகஜம். இந்த இயந்திரத்தில் அது கூடாது. கையும் காலும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். “நிறுத்து” என்று கத்தி, அது காதில் விழுந்து, அவர் நிறுத்துவதற்குள் கம்பி எத்தனையோ சுற்று சுற்றியிருக்கும்.

மின்சாரத்துக்கு மூன்று முனை பிளக், எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்சிசிபி மூன்றும் வேண்டும். பழைய வீடுகளில் பல இடங்களில் கடைசியது இருக்காது. எக்ஸ்டென்ஷன் பெட்டியை ஈரத்தரையில் போடாதீர்கள். இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன்னால், குழாயில் யாராவது ஆசிடோ காரப் பொடியோ ஊற்றினார்களா என்று வீட்டில் விசாரியுங்கள். முக்கால்வாசிப் பேர் அதை ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் பிளம்பரைக் கூப்பிடுகிறார்கள். கம்பியோடு அந்த ரசாயனம் முகத்தில் தெறிக்கும்.

கழிப்பறைப் பீங்கான் வழியாக இதை விடாதீர்கள், பீங்கான் கீறும், உடையவும் உடையும். அதற்கென்று கையால் சுற்றும் கம்பி தனியாக உண்டு. ஆள் இறங்கும் அளவுள்ள சேம்பர், செப்டிக் டேங்க் இதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. கம்பி எட்டவில்லை என்று பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் யாரையும் உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே தேங்கிய விஷவாயு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்.

ஒரு வீட்டுக்காக இதை வாங்குவது வீண் செலவு. தொழில் செய்யும் பிளம்பருக்கும், பெரிய குடியிருப்புச் சங்கத்துக்கும் தாராளமாகப் பரிந்துரைப்பேன். கால் சுவிட்ச் இல்லாமல் விலை மலிவாகக் கிடைக்கும் இயந்திரங்களை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பிளம்பர் உங்கள் வீட்டுக்கு வந்தால், கூலி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, வேறு இயந்திரம் கொண்டுவரச் சொல்லுங்கள்.