பி செல் தந்த வெற்றி

பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் 2012இல் ரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட எமிலி வொய்ட்ஹெட் என்ற சிறுமிக்கு, மரபணு மாற்றப்பட்ட நோயெதிர்ப்புச் செல்களான கார்-டி செல்கள் ஏற்றப்பட்டன. அவை கிளப்பிய சைட்டோகைன் என்ற அழற்சிப் புரதங்களின் வெள்ளத்தில் செயற்கைச் சுவாசம் வரை போய்விட்டாள். முடக்குவாத மருந்தான டோசிலிசுமாப் காப்பாற்றியது. ரத்தப் புற்றுநோய் திரும்பவில்லை. 2017இல் இதே சிகிச்சை கிம்ரியா என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு அடிப்படையான ஆய்வில், வேறு வழியற்ற 75 இளம் நோயாளிகளில் 81 விழுக்காட்டினருக்கு மூன்று மாதத்துக்குள் நோய் அடங்கியது.

இந்த வெற்றியை மரபணுப் பொறியியலின் சாதனையாக மட்டும் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. நோயாளியின் டி செல்களைப் பிரித்து, லென்டிவைரஸ் வழியாகப் புதிய மரபணுவைப் புகுத்தி, பெருக்கித் திரும்ப ஏற்றுகிறார்கள். அவை தேடிக் கொல்வது சிடி19 புரதம் தாங்கிய செல்களை. அந்தப் புரதம் நலமான பி செல்களிலும் உண்டு. அவையும் சேர்ந்தே மடிகின்றன. பி செல்கள் தரும் இம்யூனோகுளோபுலினை வெளியிலிருந்து ஏற்றிக்கொண்டு பி செல் இல்லாமல் வாழ்ந்துவிடலாம் என்பதால்தான் இந்த முரட்டுத்தனம் மன்னிக்கப்படுகிறது.

நுரையீரல் இல்லாமல் வாழ முடியுமா? அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட ஒரு நிகழ்வு இதைக் கொடூரமாகக் காட்டியது. பெருங்குடல் புற்றுநோயாளி ஒருவருக்கு ஹெர்2 புரதத்தைக் குறிவைத்த செல்களை ஏற்றினார்கள். நுரையீரல் செல்களில் இருந்த சொற்ப ஹெர்2வையும் அவை தாக்கியிருக்க வேண்டும். ஐந்தே நாளில் அவர் இறந்தார். இலக்குப் புரதம் இன்றியமையாத உறுப்புகளிலும் இருப்பது, கட்டிப் புற்றுகளில் கார்-டி தடுமாறுவதற்கு ஒரு முக்கியக் காரணம். கட்டிக்குள் நுழைவதும், நுழைந்தபின் சோர்ந்து போகாமல் இருப்பதும் அடுத்த தலைவலிகள். ரத்தப் புற்றிலும் சிடி19ஐ உதறிவிட்டுத் தப்பும் செல்கள் நோயைத் திரும்பக் கொண்டுவருகின்றன.

கிம்ரியாவின் தொடக்க விலை 4,75,000 டாலர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தயாரிக்க வேண்டியிருப்பது உண்மைதான். ஆனால் விலை முழுவதையும் அதன் மேல் ஏற்ற முடியாது. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் உருவாக்கி, 2023இல் இந்தியா அனுமதித்த நெக்ஸ்கார்19 என்ற இதே வகைச் சிகிச்சை, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு செலவில் கிடைக்கிறது. அதுவும் பல லட்சம் ரூபாய். தீவிர சிகிச்சைப் பிரிவின் செலவு வேறு.

பி செல் இல்லாமல் வாழ முடிவது வேறொரு நோய்க்கும் வழி திறந்தது. ஜெர்மனியின் எர்லாங்கனில், இதேபோல் சிடி19ஐத் தேடும் கார்-டி செல்களை லூபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அந்நோயில் உடலையே தாக்கும் எதிரணுக்களுக்கு ஊற்று பி செல்கள்தாம். அவற்றை மொத்தமாக அழிப்பதே அங்கே சிகிச்சை. 2022இல் அவர்கள் வெளியிட்ட ஐந்து பேரின் விவரத்தில் அனைவருக்கும் நோய் தணிந்திருந்தது. சில மாதங்களில் பி செல்கள் திரும்பின. நோய் திரும்பவில்லை.