ஆறு மாதம் கழித்து

எலும்புப்புரைக்கு இலங்கை டாக்டர் எழுதும் மருந்தும் இந்திய டாக்டர் எழுதும் மருந்தும் ஒன்றேதான். வாரம் ஒருமுறை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டிய அலெண்ட்ரோனேட் மாத்திரை, ஆண்டுக்கொருமுறை டிரிப்ஸில் ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட், ஆறு மாதத்துக்கொருமுறை டெனோசுமாப் ஊசி, தினமும் போட்டுக்கொள்ளும் டெரிபாரடைட். காசு யாருடையது என்பதில்தான் வேறுபாடு. அதனால் மருந்துப் பரிசோதனையில் சேர ஒரு பெண் போடும் கையெழுத்தும் இரண்டு நாட்டிலும் ஒன்றாக இருப்பதில்லை.

இலங்கையில் அரச வைத்தியசாலை கிளினிக்கில் மாத்திரைக்குக் காசில்லை. விலை கூடிய ஊசிகளைப் பெரும்பாலும் வெளியே வாங்க வேண்டும். ஆனாலும் அடிப்படைச் சிகிச்சைக்காக யாரும் பரிசோதனையில் சேரத் தேவையில்லை. 2022-இல் டாலர் தீர்ந்தபோது இந்த ஏற்பாடே ஆட்டம் கண்டது. மருந்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடு அது.

இந்தியாவில், தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் போன்றவை நீங்கலாக, மருந்துச் செலவு பெரும்பாலும் நோயாளியின் பையிலிருந்துதான். அதே நாட்டில்தான் டெரிபாரடைட், டெனோசுமாப் இரண்டுக்கும் மலிவான நகல்கள் தயாராகின்றன. நகல் அசலுக்கு நிகர் என்று காட்ட, மாதவிடாய் நின்ற, எலும்பு மெலிந்த பெண்கள் வேண்டும். ஊசியும் ஸ்கேனும் இலவசம் என்றால் வாங்க வழியில்லாதவர் எப்படி மறுப்பார்? படிவத்தில் 'முழு விருப்பத்துடன்' என்றிருப்பதை நான் பாதி விருப்பம் என்றே படிக்கிறேன்.

பரிசோதனைகளுக்கான பதிவேட்டைத் தொடங்கியதில் சின்ன நாடு முந்திக்கொண்டது. இலங்கை மருத்துவச் சங்கம் 2006-லேயே தொடங்கிவிட்டது; இந்தியாவில் 2007-இல் தொடங்கி, 2009-இல்தான் கட்டாயமானது. இழப்பீட்டுக்கு இந்தியாவில் விரிவான விதி உண்டு. அதுவும் தானாக வரவில்லை. ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு 2012-இல் உச்ச நீதிமன்றம் போன பிறகு வந்தது. மருந்துப் பரிசோதனைகளுக்கான 2019 விதிகளில் நிலைபெற்றது.

அந்த இழப்பீட்டுக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பரிசோதனையால் ஒருவர் இறந்தால், 8 லட்சம் ரூபாயை வயதுக்கான எண்ணாலும் நோயின் அபாயத்துக்கான எண்ணாலும் பெருக்கி 99.37-ஆல் வகுப்பார்கள். வயதெண் 16 வயதுவரை 228.54; 65-ஐ எட்டியவருக்கு 99.37. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் எண்கள் இவை. சம்பாதிக்கும் வயதைக் கடந்தவருக்குக் குறைவு என்பது ஆலை விபத்துக்குப் பொருந்தலாம். எலும்புப்புரைப் பரிசோதனைக்கு வருபவர்களோ அட்டவணையின் கடைசி வரிசைகளில் இருப்பவர்கள்.

இதைவிடப் பெரிய சங்கடம் டெனோசுமாப் பரிசோதனை முடிந்த பிறகு. அடுத்த ஊசி தள்ளிப்போனால் மருந்தின் பலன் வேகமாகக் கரையும். சிலருக்கு முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள்கூட வரும். நிறுத்துவதானால் சோலெட்ரோனிக் ஆசிடோ அலெண்ட்ரோனேட்டோ தொடர வேண்டும். பரிசோதனைக்குப் பின்னும் மருந்து தர 2019 விதிகளில் வழி உண்டு, ஆனால் வேறு சிகிச்சை இல்லாத நோய்க்குத்தான். எலும்புப்புரைக்கு வேறு சிகிச்சை இருப்பதால் அந்தக் கதவு திறக்காது. ஆகவே கையெழுத்துக்கு முன்பே, கடைசி ஊசி போட்ட ஆறாம் மாதம் யார் என்ன தருவார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. இலங்கையில் அதே பெண்ணின் கிளினிக் கொப்பியில் டாக்டர் அலெண்ட்ரோனேட் என்று எழுதினால் போதும், மருந்தகத்தில் மாத்திரை இருக்கும் மாதங்களில்.