முக்கோணமில்லாத மலைகள்

ஓவிய வகுப்பில் ‘மலை வரையுங்கள்’ என்றால் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வரைவது பெரும்பாலும் ஒரே படம்தான். இரண்டு முக்கோணம், நடுவில் பாதிச் சூரியன், கீழே ஆறு, கரையில் ஒரு தென்னை. கொடைக்கானல் பிள்ளையும் இதையே வரைந்து கொடுக்கும். சன்னலுக்கு வெளியே பழனி மலையின் மேல்தளம் உருண்டு உருண்டு மேடாகக் கிடக்கிறது. மடிப்புகளில் கரும்பச்சையாய்ச் சோலைக்காடு. இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் தென்னை ஏது? கை வராத குறை இல்லை இது. யாரும் பார்க்கச் சொல்லித்தரவில்லை.

பார்க்கத் தெரிந்த ஒருவர் இதே மலையில் இருந்தார். செண்பகனூரில் 1895-இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியின் இயேசு சபைத் துறவி ஆங்லேடு. இம்மலையின் செடிகொடிகளை வண்ணப் படங்களாக வரைந்தார். பழனி மலைக் கல்திட்டைகளைப் பற்றி நியூட்டன் என்ற சக துறவியுடன் சேர்ந்து அவர் எழுதிய நூலை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. பூவுக்கும் கல்லுக்கும் ஒரே கண்.

தாவர ஓவியத்தின் அழகு அதன் அடக்கத்தில் இருக்கிறது. வானமில்லை, வெயிலில்லை, வெறும் வெள்ளைத் தாள். ஒரு கிளை, அதில் ஓர் இலை மட்டும் புரண்டு அடிப்பக்கம் காட்டும். மொட்டும் மலரும் காயும் காலத்தை மடித்து வைத்தாற்போல ஒரே தாளில் நிற்கும். குறிஞ்சியை எடுத்துக்கொண்டால், எதிரெதிராக அமர்ந்த இலைகள், பல்பல்லான விளிம்பு, ஐந்து மடல் விரித்த மணிப்பூ. அது நீலமா, ஊதாவா? அந்த இடத்தில் எந்தத் தூரிகையும் கொஞ்சம் தயங்கத்தான் வேண்டும்.

இந்தத் தயக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதான் ரசனைக் கல்வி. ஆளுக்கொரு பேரிக்காய்க் கிளையைக் கொடுத்து, பத்து நிமிடம் பென்சிலைத் தொடவிடாமல் பார்க்கச் சொல்லலாம். நரம்பு எங்கே பிரிகிறது? காம்பு எந்தப் பக்கம் சாய்கிறது? பிறகு வரையட்டும், கோணல்மாணலாக வந்தாலும் சரி. தேர்ந்த ஓவியரின் படத்தை அதற்கப்புறம்தான் காட்ட வேண்டும். முதலிலேயே காட்டினால் பிள்ளை ‘நல்லா இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடும். தானும் திணறிய பிள்ளையோ, ‘இந்த வளைவை இவர் எப்படிச் சமாளித்தார்?’ என்று கிட்டே வந்து உற்றுப் பார்க்கும். அந்த ஒரு கேள்வியில் ரசிகர் பிறந்துவிடுகிறார். அடுத்த வாரம் மலையூரான பூம்பாறையின் படிக்கட்டு வயல்களைக் கோடுகளாகப் பார்க்கலாம். பூண்டு விளையும் வயல் அப்போது வேறு கதை சொல்லும்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. மேடையேறும் பிள்ளைக்கு அது பெரிய வாசல். ஆனால் பரிசு வாங்குபவர் சிலர். பார்க்க வேண்டியவர் எல்லோரும். அதற்கு மேடை வேண்டாம், வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும்.

குறிஞ்சி 2018-இல் பூத்தது, இனி 2030. அன்று ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, அடுத்த பூப்புக்குள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கும். பள்ளிக்கூடத்துக்கு இதைவிட நேர்மையான தேர்வு எது? மலை நீலமாகும்போது அந்தப் பிள்ளை செல்ஃபி எடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறதா, குனிந்து ஒரு பூவின் மடல்களை எண்ணுகிறதா என்று பார்த்தால் போதும். மதிப்பெண் அங்கே தெரிந்துவிடும்.