லிட்டர் கணக்கில் மறையும் மீத்தேன்

மாடு தின்னும் தீவனத்தின் ஆற்றலில் 2 முதல் 12 விழுக்காடு வரை மீத்தேனாகி ஏப்பத்தில் போய்விடுகிறது. எவ்வளவு போகும் என்பது பெரிதும் தீவனத்தைப் பொறுத்தது. வைக்கோல் பெருவயிற்றில் நொதிக்கும்போது அசிட்டிக் அமிலத்தோடு ஹைட்ரஜனும் நிறைய உண்டாகிறது. அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக்கிப் பிழைக்கும் நுண்ணுயிர்கள் அங்கேயே குடியிருக்கின்றன. மக்காச்சோளம் போன்ற மாவுத் தீவனம் கூடினால் புரோபியோனிக் அமிலம் கூடும். அது உருவாக ஹைட்ரஜன் செலவாவதால் மீத்தேன் குறைகிறது.

தீவனத்தைச் சரிசெய்யும் யோசனைக்கு இந்தியா கொடுத்த பெரிய செயல்வடிவம், தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியத்தின் சமச்சீர் தீவனத் திட்டம். 2011-12இல் தொடங்கிய தேசியப் பால்வளத் திட்டத்தின் கீழ் இது நடந்தது. மாட்டின் எடை, கறவை, வீட்டிலிருக்கும் வைக்கோல், தவிடு, புண்ணாக்கு எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, எதை எவ்வளவு வைப்பது, தாது உப்பு எத்தனை கிராம் என்று பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரரே சொன்னார். கையில் இருப்பதைக் கொண்டே செலவைக் குறைப்பது இதன் உண்மையான பலம். புவி வெப்பத்துக்காக எந்த விவசாயியும் தவிட்டை அளந்து வைக்கப்போவதில்லை. தீவனச் செலவு இறங்கிப் பால் ஏறினால் வைப்பார்.

சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. இத்தகைய திட்டங்களின் வெற்றியை ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு மீத்தேன் என்றே கணக்கிடுகிறார்கள். உயிர் தரிக்க மட்டுமே மாடு தின்பது, 3 லிட்டர் கறந்தாலும் 10 லிட்டர் கறந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே கறவை கூடினாலே லிட்டர் கணக்கு அழகாகிவிடும். ஆனால் அதிகம் கறக்கும் மாடு அதிகம் தின்னும். அதன் மொத்த மீத்தேன் கூடவும் செய்யலாம். வளிமண்டலத்துக்கு லிட்டர் தெரியாது. 2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் மாடுகள் 19.35 கோடி, எருமைகள் 10.98 கோடி. இவற்றில் கறவையில் இல்லாத பெருங்கூட்டத்துக்கு லிட்டர் கணக்கு பொருந்தவே பொருந்தாது.

சரி, தானியத்தை அள்ளி வைத்துவிட்டால்? பொங்கலன்று மாட்டுக்குச் சோற்றை அளவில்லாமல் ஊட்டி, வயிற்றில் அமிலம் ஏறிப் படுத்துவிட்ட மாட்டோடு மறுநாள் கால்நடை மருத்துவரைத் தேடுவது நம் ஊர்களில் புதிதல்ல. அதைவிடப் பெரிய முரண் ஒன்று உண்டு. மனிதன் தின்ன முடியாத வைக்கோலைப் பாலாக்கும் திறமைக்காகத்தான் அசைபோடும் விலங்கை வளர்க்கிறோம். அந்தத் திறமைக்கு உடன்பிறந்த கழிவே மீத்தேன்.

தீவனத்தில் சேர்க்கும் மருந்துகளைப் பற்றிய ஆரவாரத்தையும் இந்த இடத்தில்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும். 2021இல் வெளிவந்த கலிபோர்னியா ஆய்வொன்றில், அஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புக் கடற்பாசி இறைச்சிக் காளைகளின் மீத்தேனை 80 விழுக்காடு வரை குறைத்தது. ஆனால் அந்த உச்சம் கிடைத்தது நார் குறைந்த தீவனம் தின்ற காளைகளில். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அனுமதித்த, மீத்தேனைக் குறைக்கும் போவேர் என்ற மருந்தும் நார் கூடினால் வலுவிழக்கிறது. அதோடு, கலந்த தீவனத்தின் ஒவ்வொரு வாயிலும் அது இருந்தாக வேண்டும். காலையில் மேய்ச்சலுக்கு ஓட்டி மாலையில் வைக்கோல் போடும் வீட்டுக்கு அது எப்படிப் பொருந்தும்?

என் பார்வையில் வைக்கோலையே மேம்படுத்துவதுதான் முதல் வேலை. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப்புகாமல் மூன்று வாரம் மூடிவைத்தால் செரிமானம் கூடும், புரதச்சத்தும் ஏறும். பல பத்தாண்டுகளாகக் கால்நடைத் துறையினர் சொல்லிவரும் முறை இது. ஆனாலும் பரவவில்லை. வேலை அதிகம்; யூரியாவை மாட்டுக்குக் கொடுப்பதா என்ற பயம் வேறு, அளவு தவறினால் நஞ்சாகும் என்பதால் அந்தப் பயமும் நியாயமானதே.

திட்டமிடுவோர் மறந்துபோகும் கணக்கு இன்னொன்று உண்டு. பால் கூட்டுறவுச் சங்கத்தில் பாலுக்கு விலை, கொழுப்பையும் இதர சத்துகளையும் பார்த்துத்தான். பாலின் கொழுப்புக்கு மூலப்பொருள் அதே அசிட்டிக் அமிலம். நாரைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டினால் மீத்தேனோடு பாலின் கொழுப்பும் இறங்கும். ஏப்பத்தைக் குறைத்தவருக்குச் சங்கத்தில் கிடைப்பது குறைந்த விலை.