மரபணுவை நீக்கிப் பார்த்தால் போதுமா?

ரொட்டி ஈஸ்ட்டில் ஒரு மரபணுவை நீக்கி, செல்லின் கொழுப்பு கூடியதா குறைந்ததா என்று அளந்து, மாற்றம் தெரிந்தவற்றையெல்லாம் கொழுப்பைக் கட்டுப்படுத்தும் மரபணுக்கள் என்று பட்டியலிடும் வழக்கம், ஏறத்தாழ எல்லா மரபணுக்களையும் ஒவ்வொன்றாக நீக்கிய ஈஸ்ட் தொகுப்பு 2002-இல் அமைந்த பின் வேரூன்றிவிட்டது. இம்முறை விரைவானது, எவரும் எதிர்பாராத மரபணுக்கள் சிலவற்றை இனங்காட்டியும் இருக்கிறது. ஆயினும், பட்டியல் நிறைவடைந்தால் கட்டுப்பாடும் விளங்கிவிடும் என்று இதன் ஆதரவாளர்கள் வாதிடுவது ஏற்கத்தக்கதன்று.

நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களை ஆக்கும் நொதிக்குரிய ஓஎல்இ1 மரபணுவைத் தூண்டும் எஸ்பிடி23, எம்ஜிஏ2 என்னும் இரு புரதங்களில் ஒன்றை நீக்கினால் மற்றது ஈடுகட்டுவதால் செல் பிழைத்துக்கொள்கிறது. இரண்டையும் நீக்கினாலோ, ஒலியிக் அமிலம் போன்றதொன்றை வெளியிலிருந்து ஊட்டாவிட்டால் அது வளர்வதில்லை. செல்லின் உயிரையே தாங்கும் இந்தப் பொறுப்பு, ஒவ்வொன்றாக நீக்கும் சோதனையில் மங்கலாகவே தெரியும். அதனினும் பெரிய குறை, எம்ஜிஏ2 எதை உணர்கிறது என்பது அச்சோதனையில் புலப்படாமையே. அகப்பிளாச வலை எனப்படும் உட்சவ்வில் பதிந்திருக்கும் அப்புரதம், நிறைவுற்ற கொழுப்பு மிகுந்து சவ்வு இறுகும்போது வெட்டுண்டு, அதன் ஒரு துண்டு உட்கருவுக்குள் சென்று மரபணுவை இயக்குகிறது. அதாவது மரபணு கொழுப்பை ஆள்வதைப் போலவே கொழுப்பும் மரபணுவை ஆள்கிறது.

ஓபி1 புரதமும் இதற்குச் சான்று. அதன் மரபணு கெட்ட ஈஸ்ட், சவ்வுக் கொழுப்பின் மூலப்பொருளான இனோசிட்டாலை அளவுக்கு மீறி ஆக்கி வெளியே கசியவிடுவதைக் கொண்டு, அது ஓர் ஒடுக்கி, அதாவது பிற மரபணுக்களை அடக்கும் புரதம், என்று அறிய முடிந்தது. அது எப்போது, ஏன் ஒடுக்குகிறது என்பதோ, சவ்விலுள்ள பாஸ்பாடிடிக் அமிலத்தை அது பற்றியிருப்பதையும், ஊடகத்தில் இனோசிட்டால் சேரும்போது அந்த அமிலம் செலவாகி ஓபி1 விடுபட்டு உட்கருவுக்குச் செல்வதையும் ஆய்வாளர்கள் 2004-இல் காட்டிய பின்னரே தெளிவாயிற்று. செல்லின் உட்புறம் அமிலத்தன்மை அடைந்தாலும் அந்தப் பிடி தளரும் என்பது 2010-இல் வெளிவந்தது.

போதாக்குறைக்கு, மரபணு நீக்கிய அந்த ஈஸ்ட் தொகுப்பின் மூலவகையிலேயே, எர்கோஸ்டிரால் என்னும் சவ்வுக் கொழுப்பை ஆக்கும் மரபணுக்களோடும் ஓஎல்இ1-ஓடும் தொடர்புடைய ஹாப்1 என்னும் மரபணு, இடம்பெயரும் மரபணுக்கூறு ஒன்று செருகிக்கொண்டதால் பழுதுபட்டது. ஆகவே, எந்த வகை ஈஸ்ட், ஊடகத்தில் எவ்வளவு இனோசிட்டால், புரதம் செல்லில் எங்கே இருந்தது என்ற மூன்றையும் சொல்லாமல் மரபணுப் பெயர்களை மட்டும் அடுக்கும் கட்டுரைகளை ஆய்விதழ்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.