ஊரைக் காட்டும் பெயர், உறவைக் காட்டுமா?

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின், நிலம் பெற்ற பிரபுக்கள் தம் ஊரின் பெயராலேயே அழைக்கப்படும் வழக்கம் அங்கே வேரூன்றியது. பிறகு அது எளிய மக்களிடமும் பரவியது. அந்த வழக்கம் எவ்வளவு சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதற்கு வாஷிங்டன் என்ற குடும்பப்பெயர் நல்ல சான்று.

டர்ஹாம் பிஷப்பின் நிலங்களை விவரிக்கும் 1183-ஆம் ஆண்டின் போல்டன் ஏடு, வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர் ஹெர்ட்பர்னைக் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக வாஷிங்டன் ஊரைப் பெற்றிருந்ததைக் குறிக்கிறது. நிலம் மாறியதும் குடும்பத்தின் பெயரும் மாறியது. அந்த ஊர் இன்றும் வடகிழக்கு இங்கிலாந்தில் இருக்கிறது. தொழிலைச் சொல்லும் ஸ்மித்தோ, தந்தையைச் சொல்லும் ஜான்சனோ தேடுபவரை இப்படி ஒரு குறிப்பிட்ட மண்ணில் கொண்டுபோய் நிறுத்துவதில்லை. ஊர்ப்பெயரின் பெரும்பலம் இதுதான்.

குறைகளும் அங்கேயே தொடங்குகின்றன. புதிய பெயர், ஹெர்ட்பர்னில் வாழ்ந்த முன்னோரை மறைத்துவிட்டது. சசெக்ஸிலும் வாஷிங்டன் என்றோர் ஊர் உண்டு. பெயரை மட்டும் நம்பினால் தவறான ஊருக்குப் போய்ச் சேரலாம். மேலும், ஓர் ஊரைவிட்டு வெளியேறியவர்களைப் புதிய இடத்தார் பழைய ஊரின் பெயரால் அழைத்ததால், இரத்த உறவே இல்லாத பலர் ஒரே பெயரைப் பெற்றனர்.

கடல் தாண்டியபோது இந்தச் சிக்கல் ஆழமானது. 1650-களில் ஜான் வாஷிங்டன் வர்ஜீனியாவில் குடியேறினார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் ஜார்ஜ் வாஷிங்டன். ஆனால் 2000-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இப்பெயர் கொண்ட சுமார் 1,63,000 பேரில் 90 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள். அடிமைத்தளையில் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன், பள்ளியில் பெயர் கேட்கப்பட்டபோது இப்பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார். அவருடைய மாற்றாந்தந்தையின் முதற்பெயர் அது. டர்ஹாமின் ஊரில் அவருடைய வேரைத் தேடுவதில் பொருளில்லை.

எனவே ஊர்ப்பெயரைத் தேடலின் தொடக்கமாகக் கொள்ளலாம், முடிவாகக் கொள்ளக்கூடாது. 1538 முதல் இங்கிலாந்தின் தேவாலயங்கள் வைத்துவந்த பதிவேடுகள், உயில்கள், நிலப்பத்திரங்கள் ஆகியவை துணைநின்றால்தான் பெயர் சான்றாகும். அவ்வாறு ஆராயும்போது, பெயரைத் தேர்ந்தெடுத்தவர்களைப் போலி வாரிசுகள் என்று ஒதுக்கவும் கூடாது. பிரபுவான வில்லியமின் குடும்பத்துக்கும் வாஷிங்டன் பிறப்பால் வந்த பெயரல்ல. நிலம் கைக்கு வந்ததும் அவர்கள் பெயர் மாறியதை வரலாறு மதிக்கிறது. விடுதலை கைக்கு வந்ததும் ஒரு சிறுவன் பெயர் சூட்டிக்கொண்டதற்கும் அதே மதிப்பு உண்டு.