ஒளிப்படமும் இழையமைப்பும்: சில சிந்தனைகள்

கொடிகாமம் சந்தையின் முன்னால் நிற்கும் தட்டிவான் ஒன்றின் படம் அண்மையில் எமக்குக் காட்டப்பட்டது. எடுத்தவர் எமது பல்கலைக்கழக மாணவர், ஊரும் கொடிகாமமே. கைப்பேசியில் எடுக்கப்பட்டு, கைப்பேசியிலேயே இரண்டு செயலிகளினூடாகத் திருத்தப்பட்ட அப்படத்தில் வானம் பழுப்பேறிய கடதாசி போலக் காட்சியளித்தது. வண்டியின் மரவுடல் மீது சுண்ணாம்புச் சுவரின் வெடிப்புகள் ஓடின. ஓரங்கள் நான்கும் தீயிற் கருகியவை போன்று இருண்டிருந்தன. பார்த்தோர் யாவரும் "ஓவியம் போல இருக்கிறது" என்றனர். மாணவருக்கும் அதனினும் மேலான பாராட்டு வேண்டியிருக்கவில்லை. எமக்கோ அப்பாராட்டே உறுத்தலாயிற்று. ஒளிப்படம் ஒன்றைப் புகழ்வதற்கு ஓவியத்தைத் துணைக்கு அழைக்கும் வழக்கம் ஏறத்தாழ ஒளிப்படத்தின் வயதை உடையது. அது கைப்பேசிக் காலத்திலும் தொடர்வதேன் என்பதும், தொடர்வதால் நாம் இழப்பது யாது என்பதும் ஆராயற்பாலன.

முதலில் செய்முறையை நோக்குவோம். இழையமைப்பு என நாம் இங்கு கூறுவது, காணும் கண்ணுக்குத் தொட்டறிவது போன்ற உணர்வைத் தரும் மேற்பரப்பின் தன்மையை. செயலிகளில் இது பெரும்பாலும் இரு படலங்களின் சேர்க்கையாற் பெறப்படுகின்றது. கீழே நாம் எடுத்த படம்; மேலே ஒரு சுவரின், துருப்பிடித்த தகட்டின், கசங்கிய கடதாசியின் அல்லது கித்தானின் படம். இவ்விரண்டையும் கலக்கும் விதிகள் சில உண்டு. பெருக்கல் விதியில் இரு படலங்களினதும் ஒளியளவுகள் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன; மேற்படலத்தின் வெண்மை கீழ்ப்படத்தைத் தொடாது விட, கறையும் கீறலும் மட்டும் அதன்மீது இறங்குகின்றன. இன்னொரு விதி இதற்கு மறுதலையானது. கருமையை விட்டு ஒளியை மாத்திரம் ஏற்றுவது. மூன்றாவது இருளை மேலும் இருளாகவும் ஒளியை மேலும் ஒளியாகவும் ஆக்கி, இடைப்பட்ட சாம்பலை விட்டுவிடுவது. படலத்தின் செறிவைக் கூட்டலாம், குறைக்கலாம். வேண்டாத இடங்களில் விரலாலே துடைத்தும் விடலாம். இருட்டறைக் காலத்திலும் நெகட்டிவுடன் சேர்த்து வைத்து அச்சிடுவதற்கென இழைத்திரைகள் விற்கப்பட்டன. ஆதலின் வித்தை புதிதன்று. புதிது அதன் எளிமையும் வேகமும். ஹிப்ஸ்டமற்றிக் 2009 இலும், இன்ஸ்ரகிராம் 2010 இலும், ஸ்னாப்சீட் 2011 இலும் வெளிவந்தன. பத்தாண்டு இருட்டறைப் பயிற்சி பத்து நொடி விரலசைவாயிற்று. 2016 இல் வந்த பிரிஸ்மா படலத்தைக்கூட வேண்டவில்லை. ஓர் ஓவியத்தின் பாணியைக் கணினியின் நரம்பு வலையமைப்பினாற் பிரித்தெடுத்து இன்னொரு படத்தின் மீது ஏற்றலாம் என 2015 இல் ஜேர்மனிய ஆய்வாளர் மூவர் காட்டிய வழியில், அது முழுப் படத்தையுமே மாற்றி வரைந்து தந்தது.

இவ்விடத்து ஒரு வேடிக்கையையும் சுட்டவேண்டும். கைப்பேசிக் கமராவின் உணரி மிகச் சிறியது. குறைந்த ஒளியில் அது பெறும் படத்திற் புள்ளிக் குழப்பம் மிகும். அதனைப் போக்குவதற்காகக் கைப்பேசி தானாகவே படத்தை மழுக்குகின்றது. அம்மழுக்கலில் இலையின் நரம்பும், பலகையின் ரேகையும், முதியவர் முகத்தின் சுருக்கமும் சேர்ந்தே போய்விடுகின்றன. அதாவது, பொருளுக்கு உரிய இழையமைப்பைக் கருவி முதலில் அழிக்கின்றது. பின்னர் அழிந்த இடத்தை நிரப்பப் பொருளுக்குப் புறம்பான இழையமைப்பொன்றைச் செயலியிலிருந்து நாம் கடன்வாங்குகின்றோம். வீட்டு மாமரத்துப் பழத்தை விற்றுவிட்டுக் கடையிற் பழச்சாற்றுப் போத்தல் வாங்கும் தென்மராட்சியான் கதைதான்.

வரலாற்றிலே இவ்வாசை பலமுறை எழுந்து அடங்கியிருக்கிறது. ஜூலியா மார்கிரட் கமரன் தமது நாற்பத்தெட்டாம் வயதிலே கமராவைக் கையிலெடுத்தவர். 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே மறைந்தவர். அவருடைய படங்களின் மங்கலையும், கண்ணாடித் தகட்டிற் பதிந்த கீறலையும் விரற்கறையையும் அக்கால ஒளிப்பட இதழ்கள் கைத்திறக் குறையாகவே கண்டன. இன்று அவையே அவரது படங்களின் உயிர் எனப் போற்றப்படுகின்றன. அக்கறைகள் அவர் வேலைசெய்த முறையின் தடங்கள் என்பது கருதற்பாலது. வேறொரு தகட்டிலிருந்து கொண்டுவந்து ஒட்டப்பட்டவையல்ல. நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் றொபேட் டெமாஷி முதலியோர் பிசின் முறையில் அச்சிட்டுத் தூரிகைத் தடங்களை வேண்டுமென்றே படத்தில் விட்டனர். எமர்சன் என்னும் ஆங்கிலேயர் 1889 இல் ஒளிப்படம் இயற்கைவழிக் கலையே என நூலெழுதி, ஓரிரு ஆண்டுகளுள் அது கலையே அன்று எனத் தாமே மறுத்தெழுதினார். அந்த அவசரத்தில் நேர்மை இருந்தது.

நமக்கு அண்மையான சான்று லயனல் வென்ட். 1900 இல் கொழும்பிற் பிறந்து 1944 இல் மறைந்த இவர் சட்டம் பயின்றவர், பியானோக் கலைஞர், 1934 இல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்திற்குக் குரல் கொடுத்தவர், '43 குழு' எனும் ஓவியர் கூட்டத்தின் தோற்றத்துக்குக் காரணராயிருந்தவர். உருத்துலக்கும் வேளையிலே மீண்டும் ஒளிபாய்ச்சி இருளும் ஒளியும் ஓரளவு இடம்மாறச் செய்யும் முறையை அவர் கையாண்டார். அதனால் உடலின் விளிம்பிலே ஒரு கோடு தானாகவே எழும். நெகட்டிவையும் பொசிட்டிவையும் மயிரிழை விலக்கி ஒன்றன்மேலொன்று வைத்து அச்சிட்டுப் புடைப்புச் சிற்பத் தோற்றத்தைப் பெறுவதும், பல நெகட்டிவுகளை இணைப்பதும் அவருக்குக் கைவந்தவை. இன்றைய செயலிகள் தரும் வித்தைகளிற் பலவற்றுக்கு நம் நாட்டிலேயே முன்னோடி ஒருவர் இருந்தார் என்பது நம் மாணவர் பலருக்குத் தெரியாதது வருந்தத்தக்கது. ஆயினும் வென்ட்டின் படங்களை நிரையாகப் பார்ப்போர்க்கு இன்னொன்றும் புலப்படும். மீனவரையும் உழவரையும் நிலக்காட்சியையும் எடுத்த பெருந்தொகையான படங்களில் அவர் எவ்வித வித்தையையும் நாடவில்லை. ஈரமான தோலின் மினுக்கமும் கல்லின் சொரசொரப்பும் ஒளியாலேயே பெறப்பட்டவை. வித்தை கனவு சார்ந்த கற்பனைப் படங்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்ற இந்தத் தெரிவே அவரைக் கலைஞராக்கியது என்பது எமது கருத்து. அவர் இறந்தபின் நெகட்டிவுகள் அழிக்கப்பட்டன. 1950 இல் வெளிவந்த தொகுதியும் எஞ்சிய அச்சுப் படிகளுமே இன்று நமக்குக் கிடைப்பவை.

தெரிவுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனைத் தேடி மேனாட்டுக்குப் போகத் தேவையில்லை. தண்டியலங்காரம் பொருளணிகள் முப்பத்தைந்தனுள் தன்மையணியை முதலில் வைக்கின்றது. எவ்வகைப் பொருளையும் அதன் இயல்பு விளங்கக் கூறுதலும் ஓர் அணியே என்பது அதன் கொள்கை. "திருத்தாத படம் வெறும் பதிவு, திருத்திய படமே கலை" என்று கூறுவோருக்கு நம் அணியிலக்கணம் முன்னரே விடையளித்துவிட்டது. அதே நூல் தற்குறிப்பேற்றத்தையும் அணியாக ஏற்கின்றது. பொருளில் இயல்பாக நிகழ்வதன்மீது கவிஞன் தன் கருத்தை ஏற்றிக் கூறுவது அது. மதுரையின் மதிற்கொடிகள் காற்றில் அசைவதைக் கோவலனை வாராதே எனக் கைகாட்டி மறித்தனவாக இளங்கோ கண்டமை பள்ளி மாணவரும் அறிந்த உதாரணம். அங்கே கொடி உண்மையில் அசைகின்றது. அசையாத கொடியின்மீது அக்கருத்தை ஏற்றியிருப்பின் அது அணியாகியிராது. இழையமைப்புப் படலமும் தற்குறிப்பேற்றம் போன்றதே. ஏற்றப்படும் கறைக்கும் வெடிப்புக்கும் ஏதேனும் ஒரு பிடிமானம் படத்திலுள்ள பொருளில் இருத்தல் வேண்டும். எழுபதுகளிலே உருவமா உள்ளடக்கமா என நம் விமரிசகர்கள் வரிந்துகட்டி நின்ற விவாதத்தை இங்கே இழுக்க நாம் விரும்பவில்லை. எனினும், எல்லா உள்ளடக்கத்துக்கும் பொருந்தும் ஓர் உருவம் எந்த உள்ளடக்கத்துக்கும் உரியதாகாது என்ற அளவிலாவது இரு தரப்பாரும் உடன்பட்டிருப்பர்.

இனிக் கொடிகாமத்துக்கு வருவோம். இவ்வூரிலே இவ்விடயம் வெறும் அழகியற் சிக்கலாக நின்றுவிடுவதில்லை. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதப் போக்குவரத்து நின்றது. 2014 இலேதான் மீண்டும் வந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வெள்ளமெனப் புறப்பட்டுத் தென்மராட்சிக்கு வந்தனர். 2000 இல் தென்மராட்சி மக்களே தம் வீடுகளை விட்டு ஓடவேண்டியதாயிற்று. திரும்பி வந்தோர் கண்டது வெடித்த சுவர்களையும் துளைத்த கதவுகளையும் துருவேறிய தகரங்களையும். செயலிகள் அழகுக்காகத் தரும் வெடிப்பும் துளையும் துருவும் இங்கே நிகழ்ச்சிகளின் வடுக்கள்.

எமது உறவினர் வீடொன்றின் சுவரிலே பாட்டனும் பாட்டியும் ஸ்ரூடியோவில் எடுத்துக்கொண்ட படமொன்று தொங்குகிறது. 2000 இல் கூரை இழந்த வீட்டில் ஒரு மாரி முழுதும் அது நனைந்தது. பாட்டியின் சேலைக் கரையிலிருந்து தோள்வரை நீர்க்கறை ஏறியிருக்கிறது. பாட்டனின் முகத்தில் ஒரு பாதியைச் செல் அரித்துவிட்டது. வீட்டார் அதனைத் திருத்துவிக்கவில்லை. "அது கிடக்கட்டும் தம்பி, அவையும் எங்களோட இடம்பெயர்ந்தவை தானே" என்றார் மாமி. அவ்வீட்டு மகனின் கைப்பேசியிலே, நேற்று எடுத்த பிறந்தநாட் படத்தின்மீது அதே வடிவ நீர்க்கறை, அதே அரிப்பு! செயலியில் அதன் பெயர் 'பழமை'. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது எமக்கு உண்டான கூச்சத்தை இங்கே மறைப்பதற்கில்லை. இளைஞனைக் குறைகூறுவது எளிது. ஆனால் அவன் 2000 இற்குப் பின் பிறந்தவன். சுவரிலிருக்கும் கறையின் கதையை அவனுக்கு யாரும் அமர்ந்து சொல்லவில்லை.

இவ்வினா உலகளாவியதும்தான். நியூயோர்க் ரைம்ஸின் டேமன் வின்ரர் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையினரை ஹிப்ஸ்டமற்றிக் செயலியால் எடுத்த படங்கள் 2011 இல் ஒரு சர்வதேசப் போட்டியிலே மூன்றாம் பரிசு பெற்றபோது, போரின்மீது பழமைச் சாயம் பூசலாமா எனப் பெரும் விவாதம் எழுந்தது. செய்திப் படத்துக்கு அது ஏற்றதன்று என்போர் பக்கமே நாம் நிற்கின்றோம். மங்கிய நிறமும் கருகிய ஓரமும் காண்போனைப் பார்த்து "இது கடந்துபோனது" என்கின்றன. கடந்துபோகாத ஒன்றைக் கடந்துபோனதாகக் காட்டுவது பொய். நம்மூர்ச் சிதைவுகளின் படங்களுக்கும் இது பொருந்தும்.

இவற்றால் படலமே கூடாது என்பது எமது முடிபெனக் கொள்ளற்க. தட்டிவான் படத்தை எடுத்த அதே மாணவரின் மற்றொரு படம் எம்மை நிறுத்திப் பார்க்கவைத்தது. அவருடைய அம்மம்மா கிடுகு பின்னுகின்றார். கைகள் மட்டுமே தெளிவு. பின்னணி இருளிலே பழங்கிடுகின் பின்னல் மெல்லத் தெரிகின்றது. வேலியிற் கிடந்து நரைத்த கிடுகொன்றைத் தனியே படமெடுத்து, நிழற்பகுதியில் மாத்திரம் குறைந்த செறிவில் இட்டு, கைகளின் மீதிருந்து முழுமையாகத் துடைத்துவிட்டதாகக் கூறினார். பின்னப்படும் ஓலை, பின்னி முடிந்து நரைத்த ஓலையை நோக்கிப் போகின்றது; கைகளின் முதுமையும் உடன்வருகின்றது. இது தற்குறிப்பேற்றம், கொடி அசைகின்றது. வழக்கம்போல் ஓரங்களை இருட்டாக்கியது மட்டும் வேண்டாத வேலை.

தட்டிவான் படத்திலோ கொடி அசையவில்லை. அவ்வண்டியின் உடல் மரம். அதன்மீது ஓடியதோ ஏதோ ஓர் ஐரோப்பியச் சுவரின் சாந்து வெடிப்பு. மரம் அவ்வாறு வெடிப்பதில்லை. திருத்தாத மூலப்படத்தைக் கேட்டுவாங்கிப் பார்த்தோம். பருத்தித்துறைத் தெருவிலே மூட்டையும் கடகமும் ஏற்றியிறக்கிய வண்டியின் பின்தட்டி, உராய்ந்து உராய்ந்து விளிம்பு மழமழத்திருந்தது. பச்சைப் பூச்சு உரிந்த இடத்தில் நீலமும், நீலம் உரிந்த இடத்திற் பலகையும் தெரிந்தன. கயிறு கட்டிய இடங்களிற் பள்ளங்கள். பாதியைக் கைப்பேசி மழுக்கிவிட்டிருந்தது. உச்சி வெயில் மீதியை விழுங்கியிருந்தது. மழுக்கலின்றி மூலத்தரவாகவே பதியும் வசதி பல கைப்பேசிகளில் உண்டென்பதையும், சாய்ந்த ஒளியிலேதான் பள்ளமும் மேடும் கண்ணுக்குப் படும் என்பதையும் கூறினோம். மாணவர் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்னர், மறுவாரம் விடியற்காலையிற் சந்தைக்குச் சென்று மீண்டும் எடுத்துவருவதாகக் கூறிப் போனார்.

இதனை எழுதும் வரை படம் வரவில்லை. வண்டி திருத்தகத்தில் நிற்கிறதாம். புதிதாக வர்ணம் பூசுகிறார்களாம்.